முதல் வரிசை

ராயப்பன் முகம் எப்படி என்று கேட்டால்
சட்டென்று சொல்ல வராது எனக்கு.
டிரம்ஸ்காரன் நான்.
முப்பத்தொரு வருஷமாக
அவன் முதுகைத்தான் பார்க்கிறேன்.

பிடரியில் வார் அழுத்திய பள்ளம்.
ஆறு கிலோ பித்தளை தொங்கும் கழுத்து
குளிக்கும்போதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தே இருக்குமாம்,
மனைவி சொல்வாள்.

பாரிட்டோன் ஊதுகிறவனுக்குத் தனி வாசிப்பு
அபூர்வம்.
'பெருங்காயம்டா நான்.
டப்பாவைத் திறந்து மோக்காதே,
குழம்பில் போடு' என்பான்.

எல்லாக் குழம்பிலும் கிடந்தான்.
ஆர்ச்சர்ட் ரோட்டு ஹோட்டலில்
இரவல் வெள்ளைக் கோட்டு, ஸ்விங்.
சுவரொட்டியில் பெயர்: ரே.
கேலாங் சீனச் சாவு ஊர்வலத்தில்
லாரிக்குப் பின்னால், வெயிலில், தொப்பியோடு.
அங்கே லாய்.
பிடோக் மலாய்க் கல்யாணத்தில்
ஜோகெட் ஜோகெட் என்று விடியும்வரை.
பாக் ராயப்.
ஒரு தீபாவளிக்கு நாதஸ்வரக்காரர் வரவில்லை.
கல்யாணியை அடிவயிற்றிலிருந்து எடுத்தான்.
தவில்காரர் முறைத்தார்,
இரண்டாவது ஆவர்த்தனத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டு
நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தெலுக் பிளாங்கா, பன்னிரண்டாம் மாடி.
'தினமும் கப்பல் வருகிறது' என்று
பக்கத்து வீட்டார் நகர மன்றத்துக்கு எழுதினார்கள்.
சரி என்று
கடலோரம் போய் ஊதினான்.
ஒருநாள் நிஜக் கப்பல் ஒன்று பதில் சொன்னது.
'அரை சுருதி கம்மி' என்று
அதையும் திருத்தப் பார்த்தான்.

அங் மோ கியோ திடலில், ஏழாம் மாதக் கெத்தாய்.
முதல் வரிசை நாற்காலிகள் காலி.
அவை ஆவிகளுக்கு.
சிவப்புச் சரிகைக்காரி உச்சத்தில் நிற்கையில்
ஜெனரேட்டர் செத்தது.
கீபோர்டு போச்சு, மைக் போச்சு, விளக்கு போச்சு.
மின்சாரம் வேண்டாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

அவன் மேடை விளிம்புக்கு நடந்தான்.
அந்தக் கடைசிக் கீழ்ச் சுரம்,
காதுக்கு முன்னால் முழங்காலுக்குக் கேட்பது,
அதிலிருந்து தொடங்கினான்.
பிளாஸ்டிக் நாற்காலிகள் நடுங்கின,
காலியானவைதான் அதிகம்.
சாவு ஊர்வலம், ஜோகெட், கல்யாணி, ஸ்விங்
எது எங்கே முடிந்தது என்று
தாளம் போட்ட எனக்கே தெரியாது.

நடுவில் ஒருமுறை
என்னைப் பார்த்துத் திரும்பினான், 'வா' என்று.
இருட்டு.
முகம் தெரிந்திருக்க வேண்டிய ஒரே தடவை.

விளக்கு வந்தபோது
முதல் வரிசைக்குக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

சிவப்பு உறையில் சம்பளம்.
மேலே சீனத்தில் ஏதோ.
சரிகைக்காரி படித்துச் சொன்னாள்:
'பெரிய ஊதல்.'
'இந்தத் தடவை எழுத்துப்பிழை இல்லை' என்றான்.

கடைசிப் பேருந்துக்கு ஓடினோம்.
அவன் ஆறு கிலோவோடு,
நான் இரண்டு குச்சியோடு,
அப்போதும் அவன் பின்னால்.