வினையெச்சம்

சுவா சூ காங், பிளாக் 412-இன் மேற்குச் சுவர்.
பதினேழாம் மாடி உயரத்தில்
இரண்டு கயிறுகளில் தொங்குகிறேன்:
ஒன்று என்னைத் தாங்க,
இன்னொன்று முதல் கயிற்றை நம்பாமல் இருக்க.

ஏர்கான் தாங்கிக்குக் கீழே
நகம்கூட நுழையாத விரிசலில்
ஒரு கல்லிச்சி. எட்டு இலை.
எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை,
நானாகத்தான் எண்ணினேன்.
படிவத்தில் இருப்பது ஒரே வரி:
தாவர வளர்ச்சி, உண்டு அல்லது இல்லை.

ஏழு ஆண்டுக்கு முன்னும் இதே விரிசலுக்கு வந்தவள் நான்தான்.
பழைய படத்தில் ஐந்து இலை, என் கையுறை, ஓர் அளவுகோல்.
பிடுங்கினேன். மருந்து ஊற்றினேன்.
எபாக்ஸி பூசி, சாம்பல் சாயம் அடித்து
'சரிசெய்யப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டேன்.
அப்புறம் ஏதோ ஒரு மைனா
கோப்பிக் கடை மிச்சச் சோற்றுக்கு நடுவே
எங்கோ ஒரு பழமும் தின்று
இங்கே வந்து உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது.
பறவை விட்டுப்போவதும் எச்சம்,
மிஞ்சி நிற்பதும் எச்சம்.
நம் மொழிக்கு இதில் கூச்சமே இல்லை.

ஜன்னல் திறந்தது. பனியனோடு ஓங் கியாட் செங்.
கயிற்றில் தொங்கும் பெண்ணைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை.
"பிடுங்காதே லா. அது எனக்கு நம்பர் கொடுக்குது."
இலைக் கணக்கை வைத்து
வாரம் இரண்டு டாலர் கட்டுகிறாராம்.
ஒருமுறை ஆறுதல் பரிசு விழுந்ததாம்.
சுவர் கசிகிறதே, யாரிடம் சொல்ல என்று
அடுத்த மூச்சில் கேட்டார்.
கசிய வைப்பதே உங்கள் நம்பர்தான் என்று நான் சொல்லவில்லை.

மொட்டைமாடியில் சாப்பாட்டு நேரம்.
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஹைருல் சொன்னான்:
"நாம பூமியை அழிக்கிறதாவது!
எல்லாரும் ஒரு அம்பது வருஷம் லீவு போட்டா
இந்த பிளாக்கை அந்தச் செடியே முழுங்கிடும்."
எனக்கும் அது பிடித்திருந்தது.
லிஃப்ட் குழிக்குள் விழுது இறங்குவதை,
அஞ்சல் பெட்டிகளுக்குள் வேர் கைவிட்டுத் துழாவுவதை
நினைத்தபடியே சம்பாலைத் தொட்டுத் தின்றேன்.
யாரும் யாரையும் கொல்லவில்லை என்பதுபோல
வயிறு நிறைந்தது.

தண்ணீர் குடிக்க நிமிர்ந்தேன்.
எதிரே தெங்கா.
போன முறை இங்கிருந்து பார்த்தது பச்சை.
அதற்குள்ளிருந்து ஒரு வைக்கோல்தலைச் சின்னான்
நிரம்பும் குடம்போலக் குரலை ஏற்றி ஏற்றிப் பாடியது.
இப்போது கிரேன்கள், செம்மண், பாதி எழுந்த மாடிகள்.
அவற்றில் ஒன்றில் என் தம்பிக்கும் வீடு.
மூவறையா நாலறையா என்று
நானும் சேர்ந்துதான் சண்டை போட்டேன்.

"வேற எங்கயாவது போயிருக்கும்" என்றான் ஹைருல்.
வேறெங்கே என்று இருவருமே பார்த்தோம்.
கடல்வரை கட்டடம்.
கடல் இருந்த இடத்திலும்.

கல்லிச்சிக்கு நாங்கள் ஒரு பொருட்டே இல்லை.
சின்னானுக்கு நாங்கள்தான் கடைசிச் செய்தி.
இரண்டையும் இயற்கை என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டால்
எடை குறையவே குறையாது.
பூமி பிழைத்துக்கொள்ளும் என்கிறோம்,
வீட்டைக் கொளுத்தியவன்
மனை அப்படியேதானே இருக்கிறது என்பதுபோல.

மழைக்கு முன் முடிக்க வேண்டும். இறங்கினேன்.
தண்டைப் பிடித்து இழுத்தேன்.
பாதி வேர் வந்தது. பாதி
சுவருக்குள் அறுந்து நின்றது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
"எத்தனை?" உள்ளேயிருந்து ஓங்.
"எட்டு."
பேனா தேடும் சத்தம்.

மருந்துப் புட்டியின் மூடியைத் திருகியவள்
திருகிய கையோடு
கயிறு ஆடாமல் பிடித்துக்கொண்டு
ஹெல்மெட் வாரைத் தளர்த்தி
முதுகுக்குப் பின்னால்
தெங்கா பக்கம் காது கொடுத்து