சிவப்புக் கம்பளி, ஏழு கஜம்

சனிக்கிழமை. விக்டோரியா தெரு நூலகம், பதினோராம் மாடி.
குளிரூட்டி ஏதோ பழைய பகை தீர்ப்பதுபோல் வீசுகிறது.
ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு
படச்சுருளை உருட்டுகிறேன்.

பரங்கிப்பேட்டை. ஆயிரத்து எழுநூற்று மூன்று.
மே மாதம் என்று எழுதியிருக்கிறான்,
வெயிலைப் பார்த்தால் சித்திரை.
கும்பெனியின் எட்மண்ட் பிளைத்
மேலிடத்துக்குக் கணக்குச் சொல்கிறான்:

பவுஜ்தார் மிர்சா நூருல்லா பேக்குக்கு நஜராக
சிவப்புக் கம்பளி ஏழு கஜம்,
கைத்துப்பாக்கி ஒரு ஜோடி,
முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று,
வேட்டைநாய் ஒன்று, வழியிலேயே செத்தது
(அதன் தீனிச் செலவும் சேர்த்து).
மொழிபெயர்ப்பவனுக்கு, பூச்சி அரித்த துண்டுக் கம்பளி.

அவன் பெயர் எங்கும் இல்லை.
நாய்க்கு இருக்கிறது. சீசர்.

கண்ணாடி சிறியது என்று மிர்சா திருப்பி அனுப்பிவிட்டார்.
டச்சுக்காரன் கொடுத்தது ஆளுயரம்.
பர்வானா வரவில்லை, முத்திரை விழவில்லை,
நாற்பது பொதி நீலத்துணி கரையில் கிடக்க
காற்று திசை மாறிவிட்டது.
“இவர்களைப்போல் பேராசைக்காரர் பூமியில் இல்லை”
என்று முடிக்கிறான் பிளைத்.
தன் சொந்தக் கணக்கில் வாங்கிய வைரத்தைப் பற்றி
ஒரு வரி கிடையாது.
அடுத்த சுருளில் இன்னொருவன் போட்டுக்கொடுக்கிறான்.

மிர்சா எழுதிய கடிதம் இந்த மாடியில் இல்லை.
இருந்திருந்தால்:
தொப்பிக்காரர்கள் மறுபடி வந்தார்கள்.
இந்த வெயிலில் கம்பளி கொண்டுவருகிறார்கள்.
உட்காரச் சொன்னால் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
என் குதிரைக்காரர்களுக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி.
எனக்கு மேலே ஒருவர் கேட்கிறார். அவருக்கும் மேலே ஒருவர்.

நடுவில் அந்தப் பெயரில்லாதவன்.
“இது பகற்கொள்ளை” என்று பிளைத் கத்தியதை
“எசமான் தங்கள் கருணைக்குக் காத்திருக்கிறார்” என்று
பாரசீகத்தில் இறக்கிவைத்திருப்பான்.
“இதில் என் மீசை பாதிதான் தெரிகிறது” என்றதை
“அடுத்த கப்பல் எப்போது என்று கேட்கிறார்” என்று.
பொய் இல்லை அது.
எனக்குத் தெரியும்.

திங்கள் முதல் வெள்ளி வரை பாசிர் பாஞ்சாங்,
சரக்கு ஆவணப் பிரிவு.
தூத்துக்குடி ஏஜென்ட் போனில் “பாத்துக்கலாம்மா” என்பார்.
“புதன் மாலைக்குள்” என்பேன் திருமதி ஓங்கிடம்.
திருமதி ஓங் சொன்ன எதையும்
இதுவரை தூத்துக்குடிக்கு அப்படியே சொன்னதில்லை.
சம்பளம் அதற்கல்ல. ஆவணங்களுக்கு.

போன செப்டம்பரில் ஒரு வாடிக்கையாளர் மூன்கேக் அனுப்பினார்.
பட்டு ஒட்டிய பெட்டி, இழுப்பறை வேறு, உள்ளே நாலே நாலு.
ஐம்பது வெள்ளிக்கு மேலென்றால் படிவம் நிரப்ப வேண்டும்.
கடைக்கு போன் பண்ணி விலை கேட்டேன். எழுபத்தெட்டு.
‘அன்பளிப்பின் நோக்கம்’ என்று ஒரு கட்டம்.
வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு
‘பண்டிகை’ என்று எழுதினேன்.
அடுத்த வாரம் அவர் கன்டெய்னர் வரிசையில் முன்னே போனது.
நான் செய்யவில்லை.
யார் செய்தார்களென்று கேட்கவும் இல்லை.

நஜர், பர்வானா, பவுஜ்தார்,
இவற்றுக்கெல்லாம் இப்போது அகராதி வேண்டியிருக்கிறது.
வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி,
இவற்றை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.
வீட்டுச் சண்டையில் தாமாக வாயில் வந்து நின்றன.
பேரரசு போய்விட்டது,
கவுன்டர் மட்டும் நாக்குக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

நூலகர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார்.
கீழே மழை. பென்கூலன் தெரு வழியே நடக்கிறேன்.
அந்த ஊரிலும் இதே கும்பெனிதான், மிளகு;
அது இன்னொரு சனிக்கிழமைக்கு.

ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து வியர்க்கிறது.
அந்தத் துண்டுக் கம்பளியை அவன் என்ன செய்திருப்பான்?
பரங்கிப்பேட்டையில் அது ஒன்றுக்கும் ஆகாது.
மனைவியிடம் நீட்டியிருப்பான்.
அவள் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஓட்டை வழியாக அவனைப் பார்த்து,
“இதுக்கா,” என்றிருப்பாள்,
“தொண்டை கட்டுற அளவுக்குப் பேசினீங்க?”