குலசேகரத்தில் ஒரு நகல்

குளச்சலில் ஐஸ் ஆலைக்கு மேலே அறை.
தரை எப்போதும் லேசாக நடுங்கும்.
வட்டுகளுக்கு அது ஆகாதென்று
லாரி ட்யூபை அறுத்து
பெட்டியின் நான்கு காலுக்கும் செருப்பு மாட்டினேன்.

உப்புக்காற்று செம்பைத் தின்னும்.
போன வருடத்துக் கேபிள் முனைகளில்
பச்சை பூத்திருந்தது.
வெட்டி எறிந்து புதுசாக இழுத்தேன்:
அலுவலகப் பேச்சுக்கு நீலம்,
சேமிப்புக்கு மட்டும் மஞ்சள்.
ஏலக்கூடத்தில் மீன் வரும் வாசலும்
ஆள் போகும் வாசலும் வேறு இல்லையா, அப்படி.

இரண்டு ஹோஸ்ட். நான்கு வட்டு. நடுவே ஒரு ஸ்விட்ச்.
சின்னப் பொட்டலம் போய்வந்தது.
பெரியதை அனுப்பினால் பதிலே இல்லை.
ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை
வட்டைச் சந்தேகித்தேன், கேபிளைச் சந்தேகித்தேன்,
என்னையும்.
கடைசியில் பார்த்தால்
இரண்டு பக்கமும் ஒன்பதாயிரம் என்று எழுதிவிட்டு
நடுவில் இருந்த ஸ்விட்சை
ஆயிரத்து ஐநூறிலேயே விட்டிருக்கிறேன்.
கதவை அளக்காமல்
கட்டில் வாங்கியவன் கதை.

கரண்டு போனால் பேட்டரி பதினெட்டு நிமிடம்.
முதலில் விருந்தாளிகள், பிறகு வீட்டுக்காரர்கள்,
எல்லாரும் தூங்கியபின் பெட்டி என்று
அணைக்கும் வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

விடிகாலை நாலரை. கணவாய் வந்திறங்கிய நேரம்.
ஏலக் கணக்கு ஓடும் மெய்நிகர் இயந்திரத்தை
ஓடிக்கொண்டிருக்கும்போதே
ஒன்றாம் ஹோஸ்டிலிருந்து இரண்டாவதுக்கு நகர்த்தினேன்.
கீழே ஷெர்லின் விலை தட்டிக்கொண்டிருந்தாள்.
“நூத்தி எண்பது… நூத்தித் தொண்ணூறு…”
குரல் ஓரிடத்திலும் இடறவில்லை.
காலடியில் வீடு மாறியது அவளுக்குத் தெரியாது.
இந்த வேலையில் கிடைக்கும் கைதட்டல் அதுதான்.

பங்கிராஸ் அண்ணன் சங்கத்துச் செயலாளர்.
இன்னொரு பெட்டிக்கான விலைச்சீட்டைப் பார்த்ததும்
கண்ணாடியைக் கழற்றினார்.
“ஒரு வட்டு செத்தாலும் மத்தது தாங்கும்னு சொன்னல்லா?
பின்ன எதுக்குடே?”
“வள்ளத்துல ரெண்டு எஞ்சின் வைப்பிய.
வள்ளமே முங்கினா?”
பேனாவைத் தேடினார்.

அந்தப் பெட்டி இப்போது குலசேகரத்தில்,
அவர் மைத்துனரின் ரப்பர் ஷீட் கிடங்கு மாடியில்.
கடல் அங்கே வராது. மழைதான் ஓயாது.
இரவு பதினொன்றுக்கு நகல் கிளம்பும்,
அன்று மாறியது மட்டும்.
தினம் ஏழு, வாரம் நான்கு, மாதம் பன்னிரண்டு;
பழையது தானாக உதிரும்.
நடுவில் யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டினேன்.
பூட்டியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

எடுத்துப் பார்க்காத நகலை நம்பக்கூடாது.
ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து
அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து
போன மாதத்து நகலிலிருந்து
கணக்குப் புத்தகத்தை எழுப்பினேன்.
பதினாறு நிமிடத்தில் எழுந்தது.
“பாத்தியளா” என்று திரும்பினால்
அவர் விரல் திரையில்
ஒரு வரியின் மேல் நின்றிருந்தது.

சிலுவைப்பிச்சை, கடியபட்டணம்.
முன்பணப் பாக்கி நாற்பத்தோராயிரத்து முன்னூறு.

மூன்று வாரத்துக்கு முன்
அவன் அடக்கத்துக்குப் போய்வந்த இரவு
யாரிடமும் கேட்காமல்
அவரே அழித்த வரி.

“இத மட்டும் அங்கயும் எடுத்திரலாமா?”
முடியாது என்றேன். பூட்டு அப்படி.
பதினோரு மாதம் போனால் தானே போய்விடும்.
“யாரு கேட்டாலும்?”
“யாரு கேட்டாலும்.”
“நீயே கேட்டா?”
“நானே கேட்டாலும்.”

எழுப்பியதை மறுபடி அணைத்தேன்.
அவர் எழுந்திருக்க நேரமானது.

இரவு பதினொன்றுக்கு மஞ்சள் கேபிளின் விளக்கு துடிக்கும்போது
நினைத்துக்கொள்வேன்:
ரப்பர் புகை வாசத்தில், ஓட்டின் மேல் மழை விழ,
யாரும் வசூலிக்காத கடன் ஒன்று
அங்கே பத்திரமாக இருக்கிறது.

புது வருடக் காலண்டர் வந்த அன்று
ஆகஸ்டில் ஒரு தேதியை
அண்ணன் பேனாவால் சுற்றி வைத்தார்.
அன்னைக்கு எந்தக் கோயில் திருவிழா என்று
ஷெர்லின் என்னிடம் கேட்டாள்.