பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு

எழுபத்தொன்பதாம் வருட புல்லட்.
கூட்டுறவு வங்கி ஏலத்தில் எடுத்தது.
நாற்பதில் போனால் கண்ணாடிக்குள்
பின்னால் வரும் லாரிக்கு நம்பர் உண்டு.
ஐம்பதில் லாரி மட்டும்.
ஐம்பத்தைந்தில்
சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று
வந்துகொண்டிருக்கிறது.

காரைக்குடியில் உதைத்துக் கிளப்பினால்
கோட்டையூர் வருமுன் சுண்டுவிரல் என்னுடையதல்ல.
ரயில்வே கேட்டில் நிற்கையில்
உள்ளங்கையில் எறும்பு ஊறும்.
மாதம் ஒரு பின்விளக்கு பல்பு.
நம்பர் பிளேட்டில்
ஆறின் வயிற்றைக் கிழித்து ஒரு விரிசல்.
சைடு பாக்ஸ் நட்டு ஒன்று
செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் எங்கோ கிடக்கிறது.
கண்டால் சொல்லுங்கள், கால் இஞ்ச்.

என் வேலை ரத்தம் எடுப்பது.
காலை ஐந்தரைக்கு
வெறும் வயிற்றுக்காரர்கள் காபியை நினைத்தபடி
கதவைத் திறந்து வைத்திருப்பார்கள்.
போனதும் ஊசியைத் தொடமாட்டேன்.
கையை மடியில் கவிழ்த்து இரண்டு நிமிடம்.
வண்டி வாசலில் அணைந்துவிட்டது,
விரலுக்குள் இன்னும் அணையவில்லை.
சாமி கும்பிட்டுவிட்டுத்தான் குத்துவார் என்று
பள்ளத்தூரில் எனக்கு நல்ல பெயர்.

ஆடிட்டர் அடைக்கப்பனுக்கு நாற்பத்தாறு வயது.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடியும் வீட்டில்
அவரும், தண்ணீரை அளந்து குடிக்கும் டம்ளரும்.
போன மாசியில் ஒரு செவ்வாய்,
அவர் ரத்தத்தில் பொட்டாசியம்
ஆறு புள்ளி எட்டு.
இதயம் நிற்கப் போதுமான எண்.
டாக்டர் உமையாள் போனில் கத்தினார்.
மதுரைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது.
ஏறுமுன்
பதினோரு கோப்புகளை
யார் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று
எழுதிவைத்தாராம்.
சிங்கப்பூர்த் தம்பி டிக்கெட் போட்டுவிட்டார்.

மதுரையில் மறுபடி எடுத்தார்கள்.
நாலு புள்ளி ஒன்பது.

லேப்பில் ரஹ்மத்நிஷா
என் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.
வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டியது
மாதுளை கழுவிய தண்ணீராய் நின்றது.
அணு உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம்
வெளியே கொட்டும் என்றாள்.
"எதில் வைத்துக் கொண்டுவந்தீங்க?"
கேரியரில். இறுக்கித்தான் கட்டியிருந்தேன்.
கேட் திறக்க நேரமாகிவிட்டதால்
ஐம்பத்தைந்தில் வந்தேன்.
இறுக்கிக் கட்டியதுதான் தப்பு.
நிமிடத்துக்கு மூவாயிரம் உலுக்கு,
ஒன்றுகூடச் சிந்தாமல்
போய்ச் சேர்ந்திருக்கிறது.

மெக்கானிக் இருதயராஜ்
பீடியை அணைக்காமலே குனிந்தார்.
"ஒத்தப் பிஸ்டன். மேல கீழ ஆடுறதுக்கு
எடை வச்சுத் தடுத்தா, முன்ன பின்ன ஆடும்.
ஆட்டத்த வேற பக்கம் திருப்பலாம்.
இல்லாமப் பண்ண முடியாது."
பிறகு என்ஜின் தலையைச் சட்டத்தோடு பிடிக்கும்
தகட்டில் விரலை விட்டார்.
போல்ட் இருக்க வேண்டிய ஓட்டையில்
விரல் மறுபக்கம் வந்தது.
பன்னிரண்டு ரூபாய்.
இப்போது ஐம்பத்தெட்டு வரை லாரி தெரிகிறது.
அதற்கு மேல் அதே சாம்பல்.

குழாய்களை இனி வயிற்றோடு கட்டிய பையில்,
பனியனுக்கு மேல், சட்டைக்குள்.
என் தொப்பைக்கு
இப்படி ஒரு உத்தியோகம் வரும் என்று
நினைக்கவில்லை.

அடைக்கப்பனிடம் சொல்லத்தானே வேண்டும்.
சொன்னேன்.
ஆம்புலன்ஸ் பில்லை எடுத்து வந்தார்.
ஒன்பதாயிரத்து நானூறு.
"இத எந்தத் தலைப்புல எழுதலாம்,
வாகனப் பராமரிப்பா?"
சிரிப்பா கோபமா, தெரியவில்லை.
பிறகு இடது கையை நீட்டினார்.
மூன்று வருடமாக நான் தொடாத கை,
ஊசி போடக் கூடாத கை.
என் விரல்களைப் பிடித்து
மணிக்கட்டுக்குச் சற்று மேலே வைத்தார்.
தோலுக்கடியில்
உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.
நரம்பையும் தமனியையும் சேர்த்துத் தைத்த இடம்.
"தெனமும் எந்திரிச்சதும் இதத் தொட்டுப் பாப்பேன்.
ஓடலேன்னா
அன்னைக்குத்தான் ஆம்புலன்ஸ்."

நான் வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
விரலில் இருந்தது எவ்வளவு என்னுடைய வண்டி,
எவ்வளவு அவர்,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
கையை எடுக்கவும் இல்லை.
உள்ளே எங்கோ
பால் பொங்கி அடுப்பில் வழியும் வாசனை வந்தது.
அவர்தான் முதலில் எழுந்து ஓடினார்.