நான்காம் சாமம்

முதல் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும்,
இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்தில்,
மூன்றாவது மூன்றில்.
விடியலுக்கு முந்தியது பத்தே நாளில்.
உண்ணாமலை இதை
ஒப்பந்தத்தின் ஷரத்துபோல ஒப்பித்தாள்
ஃப்ளாக் கோர்ட்டில்,
சோகை கிழித்த கைகளைக் கட்டிக்கொண்டு.

தோட்டத்து மணி மூன்றரைக்கு அடிக்கிறது.
பத்து நாளில் பலிக்கிற நேரம்
முழுக்கத் துரைக்குப் போய்விடுகிறது.
அவளுக்கு மிச்சம் ஓராண்டுக் கனவுகள்.
அதுவும், வெட்டுக் காலத்தில்,
கனவா மூட்டு வலியா என்று தெரிவதில்லை.

செவ்வாய்க்கிழமை ஏன் வேலைக்கு வரவில்லை?
மாஜிஸ்திரேட் கேட்டதை அவளிடம் கேட்டேன்.

கப்பலில் செத்த பிள்ளை, ஐயா.
கடலில் இறக்கிவிட்டார்கள்.
நாலு நாளாக விடியலில் வருகிறாள்.
இடுப்பில் குடம், தளும்பத் தளும்ப.
வாயைத் திறக்கிறாள், மணி அடிக்கிறது.
வாயைத் திறக்கிறாள், மணி.
என்னதான் சொல்ல வருகிறாள் என்று
செவ்வாய்க்கிழமை எழுந்திருக்காமல் கிடந்தேன்.

சொன்னாளா?
இதை யாரும் கேட்கச் சொல்லவில்லை. நானாகக் கேட்டேன்.

சர்தார் கதவை உதைத்தான், என்றாள்.

கனவுக்கு இங்கிலீஷில் ஒரு சொல் உண்டு,
பிரெஞ்சில் ஒன்று. இரண்டும் தெரியும் எனக்கு,
காரைக்கால் இன்னாசிமுத்து,
பைபிளின் மேல் கை வைத்துச் சம்பளம் வாங்குபவன்.
பதிவேட்டில் இரண்டே கட்டங்கள்:
நோய், சோம்பல்.
நோய்க்கு டாக்டர் சீட்டு வேண்டும்.
மற்றதைச் சொன்னேன்.

ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலி பிடிப்பு.
டபுள் கட் என்பதை மட்டும்
அவளுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வாசலில் நின்று கேட்டாள்:
கெட்ட கனவென்றால்
மாட்டின் காதில் சொல்லித் தொலைத்துவிடலாம்.
இங்கே கொட்டிலுக்குப் பூட்டு, காவலுக்கு ஆள்.
இது கெட்டதா நல்லதா, சொல்லுங்கள் ஐயா,
படித்தவர்.
கனவெல்லாம் பிசாசின் வேலை என்று
எங்கள் சாமியார் சொல்வார்.
அதைச் சொல்ல வாய் வரவில்லை.
வெயில் ஏறுகிறது, போ, என்றேன்.

என் வீட்டில் மணி கிடையாது.
ஆறு மணி வரை தூங்குவேன்,
சர்க்கார் உத்தியோகம்.
அந்த வாரமே ஒரு விடியலில்
என் கட்டிலருகே வந்து குடத்தை இறக்கி வைத்தாள்
ஒரு சிறுமி.
ஏழெட்டு வயது. தலை நனைந்திருந்தது.
என்னைப் பார்த்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.
அம்மா எந்திரிச்சிப் போயிடுச்சா? என்றாள்.

இன்றோடு ஒன்பது நாள்.