புள்ளி

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
குடியை விட வந்தவர்கள் வார்டு.
ஷாகிரா மேடம் நீட்டிய படிவத்தின் தலையில்
கள ஆய்வு என்று அச்சடித்திருந்தது.
என் அண்ணன் ஞானவேல்,
எனக்கு ஏழு நிமிடம் மூத்தவன்,
பேனாவை வாங்கி
ள மேல் ஒரு புள்ளி வைத்தான்.
கள் ஆய்வு.
பக்கத்துக் கட்டில் பெரம்பூர்க்காரர்
குளுக்கோஸ் டியூப் ஆட ஆடச் சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை.
தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
"ரெண்டு வருஷமா இதைத்தான்
யாருக்கும் புரியவைக்க முடியாம தவிக்கிறேன்" என்றார்.
எழுத்து அதே எழுத்துதான்.
மேலே ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தால்
உள்ளிருக்கும் அகரம் வாயை மூடிக்கொள்கிறது.
"உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும்
ஒரே வாக்கியம் சார்.
புள்ளி மட்டும் வேற வேற இடத்துல."

ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்தவர்கள் நாங்கள்.
ஒரே நெற்றிச் சுழி, ஒரே கோணல் பல்.
காசிமேட்டில் அவனுக்குக் கொடுத்த கடனை
என்னை நிறுத்திக் கேட்பவர்கள் இன்றும் உண்டு.

வம்சத்தை வரைந்தார் மேடம்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
குடித்தவர்களுக்குக் கருப்பு.
தாத்தா கருப்பு. அப்பா கருப்பு.
சித்தப்பாக்கள் இரண்டு பேரும்
மை தீர்ந்துபோகிற அளவுக்குக் கருப்பு.
சின்ன அத்தையின் வட்டத்தில் பேனா தயங்கியபோது
நாங்கள் ஒரே குரலில் சொன்னோம்:
அதுவும்தான்.
அண்ணன் கருப்பு.
அதே கோட்டில் தொங்கும் மறு சதுரம்
வெள்ளை. நான்.

அப்படிப் பார்க்காதீர்கள் மேடம், பாராட்டுவது போல.
இருபத்திரண்டு வயதில், எண்ணூரில்,
ஒரு கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
ஒரே ஒரு கிளாஸ் குடித்திருக்கிறேன்.
கூட இருந்தவர்களுக்கெல்லாம் கசந்ததாம்.
எனக்கு
நெஞ்சுக்குள் யாரோ லைட்டைப் போட்டு
"எங்கடா போயிருந்தே இவ்ளோ நாளா"
என்று கேட்டது போல இருந்தது.
அந்த வரவேற்புக்குப் பயந்துதான்
இருமல் மருந்தைக்கூட
லேபிள் படித்து வாங்குகிறேன்.
இதற்குப் பெயர் ஒழுக்கமில்லை.

சின்ன வயதில் வீட்டில் என்ன நடந்தது
என்று ஒரு கேள்வி.
பதிலுக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
"ஒண்ணும் இல்ல" என்று எழுதினான் அண்ணன்.

அப்பாவுக்கு எங்களைப் பிரித்துத் தெரியாது.
"டேய்" என்பார், அவ்வளவுதான்.
யார் போனாலும் சரி,
கடைக்கு ஓடுவதற்கும்
பெல்ட்டுக்கு முதுகு காட்டுவதற்கும்.
தண்ணி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து
நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன்.
பத்துக்குள் அவன் எழுந்து போய்விடுவான்.
ஒரு முறைகூடப் பதினொன்று வந்ததில்லை.

எந்தப் புள்ளி எப்போது விழுந்தது என்று
அவர்களுடைய மிஷின் சொல்லாதாம்.
அடியால் விழுந்ததா, குடித்துக் குடித்து விழுந்ததா,
அதுவும் சொல்லாதாம்.
விழுந்தது விலகுமா என்றேன்.
"சிலது விலகலாம். மெதுவா."
"பசங்களுக்குப் போவுமா?"
அன்று முழுக்க அண்ணன்
சிரிக்காமல் கேட்டது அது ஒன்றுதான்.
பதினோரு வயதுப் பையன் இருக்கிறான் அவனுக்கு.
எலிகளில் ஏதோ தெரிகிறது,
மனுஷங்க விஷயத்துல இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது
என்றபடி மேடம் கையுறை மாட்டினார்.

ஊதா மூடி போட்ட இரண்டு குப்பிகள்.
லேபிள் ஒட்டும் வரைக்கும்
எது யாருடையது என்று எனக்கும் தெரியவில்லை.
மேஜையில் கிடந்த படிவத்தை அப்போதுதான்
நெருங்கிப் பார்த்தேன்.
ள மேல் இருந்தது புள்ளியே இல்லை.
நடுங்கும் கை வைத்தது,
குட்டிப் புழுவாய் நெளிந்திருந்தது.

கிளம்பும்போது கட்டிலிலிருந்து
"டேய்" என்றான்.
அப்படியே அப்பாவின் தொண்டை.
என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன்.
மூன்றில் திரும்பினேன்.
"டீ வாங்கினு வாடா. சக்கரை தூக்கலா."

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மூன்று மாடி.
கேன்டீன் வாசலில் நாற்பது பேர்.