நாற்பத்தேழாம் பாத்தி

மணலி புதுநகரிலிருந்து தரமணிக்கு
ஒரு பேருந்து, பிறகு பறக்கும் ரயில்.
கிளம்பும்போது மூக்கில் அம்மோனியா;
காற்று திரும்பிய நாளில்
கொடியில் காயும் துணியிலும் அதே நெடி.
இறங்கி அட்டையைத் தேய்த்து உள்ளே போனால்
அதற்கே தழைச்சத்து என்று பெயர்,
ஹெக்டேருக்கு இத்தனை கிலோ.

எனக்கு அளந்துவிட்ட பயிர் குளிர்காலக் கோதுமை.
நான் பார்த்திராத ஒரு நாட்டில்
அக்டோபரில் விதைக்கிறார்கள்.
பனிக்கடியில் மாதக்கணக்காகக் கிடக்கும்.
குளிர் போதாவிட்டால் கதிர் விடாதாம்.
மார்கழியிலும் மின்விசிறியை மூன்றில் வைத்துத்
தூங்குகிறவளுக்கு
இதெல்லாம் யாரோ கிளப்பிவிட்ட வதந்தி.

தொண்ணூற்றாறு பாத்திகள்.
உரம் ஆறு அளவு, பராமரிப்பு நான்கு வகை:
சும்மா விட்டது,
பூசணக்கொல்லி ஒருமுறை அடித்தது,
இருமுறை அடித்தது,
அதோடு தாள் நெடுக வளராமல்
குட்டையாக்கும் மருந்தும் கொடுத்தது.
கடைசி வகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'தீவிரம்'.

சுழியத்திலிருந்து ஐம்பதுக்குப் போனால்
ஒன்றரை டன் எகிறுகிறது.
நூறில் மேலும் ஒன்று.
நூற்றைம்பதில் அரை.
இருநூறுக்கும் இருநூற்றைம்பதுக்கும் நடுவே,
அதுவும் தீவிரத்தில்,
வெறும் நாற்பது கிலோ.
மூன்று தடவை சரிபார்த்தேன்.
சும்மா விட்ட வகையில் அதுகூட இல்லை;
தின்று கொழுத்த தாள் ஜூன் மழைக்குத் தாங்கவில்லை.
வயல் குறிப்பில் ஒரே சொல்:
படுத்துவிட்டது.

"கோடு ஏன் இப்படித் தட்டையாப் போகுது?"
ஜோதிராமன் சார் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.
"விக்கிறவங்க கேப்பாங்கம்மா.
அச்சை ஆறுல ஆரம்பிச்சா
கொஞ்சம் ஏறுற மாதிரி தெரியாது?"
தெரிந்தது.
நாற்பது கிலோ ஒரு மலையாக நின்றது.

அப்புறம் அந்த நாற்பத்தேழு.
ஒரு பிடி உரம் இல்லை, ஒரு சொட்டு மருந்து இல்லை.
ஆறே முக்கால் டன்.
தட்டச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன்.
கேட்டு எழுதினேன்.
பதினாறு நாள் கழித்து
எமில் என்றொருவரிடமிருந்து இரண்டு வரி:
அந்த இடத்தில் மாட்டுக்கொட்டகை இருந்தது,
இடித்து முப்பது வருஷம் ஆகிறது.

"விலகல். தூக்கிடு," என்றார் சார்.
தூக்கிவிட்டேன்.
சராசரி சமர்த்தாக உட்கார்ந்தது.
கீழே அடிக்குறிப்பாக ஒரு வரி போட்டேன்,
எறும்பு அளவு எழுத்தில்.

வீட்டில் மதியழகன் அப்போதுதான்
உரக் கம்பெனியிலிருந்து வந்திருந்தான்.
மூட்டை தைக்கும் பகுதி; கண் இமையில் வெள்ளை.
சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னேன்:
ஐம்பது கிலோ தழைச்சத்துன்னா யூரியாவுல
ஏறக்குறைய ரெண்டரை மூட்டை.
கடைசி ரெண்டரை மூட்டை போட்டா
நாப்பது கிலோ கோதுமைதான் வருது.

"ரெண்டரை மூட்டை தைக்க
எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது," என்றான்.
அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

"இது அந்தக் கோதுமையா?"
இல்லை, இது பனியைப் பார்க்காத ஜாதி.

விளக்கை அணைத்த பிறகு,
தூங்கிவிட்டான் என்று நினைத்த பிறகு,
கேட்டான்:
"அந்தக் கொட்டகையில எத்தனை மாடு இருந்திருக்கும்?"

தொண்ணூற்றாறு வரிசை, முப்பத்தொரு பத்தி.
மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.
மாட்டுக்கு ஒரு பத்தி இல்லை.